ஏழாம் ஆண்டு தூக்கிப்போன மேசை

புத்தகத்தை மூடச் சொன்னார் பௌசியா டீச்சர். ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் மூடினார்கள். ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, சன்னல் வழியே தேயிலை மலையைப் பார்த்தபடி, ஆங்கிலப் பாடத்தின் கடைசி வரிவரை ஒரே குரலில் ஓடிப்போய் நின்றார்கள். ஒரு பிழை இல்லை. முடித்துவிட்டு டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள்ளிருந்து ரேடியோ பாடினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சத்தம் இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை.

“இப்ப வாசிச்சீங்களே, அந்தப் பையன் கடைசியில எங்க போனான்?” என்று தமிழிலேயே கேட்டுப் பார்த்தார்.

“எந்தப் பையன் டீச்சர்?” என்றான் முன்வரிசை விஜிதரன்.

பாடம் முழுக்க ஒரு பையனைப் பற்றித்தான். அவன் தொலைந்துபோய், தேடப்பட்டு, வீடு வந்து சேர்கிறான். அத்தனை வாய்களுக்குள்ளும் புகுந்து வெளியே வந்தும் அவனை ஒருவரும் பார்க்கவில்லை.

அன்று பஸ்ஸில் தலவாக்கலைக்குத் திரும்பும்போது டீச்சர் தன் வாப்பாவின் கடையை நினைத்துக்கொண்டார். சின்ன வயதில் துணிக்கட்டுகளைச் சுற்றி வந்த பழைய ஆங்கிலப் பத்திரிகைத் தாள்களைப் பிரித்து வைத்து எழுத்துக் கூட்டுவது அவருடைய விளையாட்டு. ஒருநாள் ஒரு தாளின் மூலையில் மழையைப் பற்றி நாலு வரி கிடந்தது. அதில் பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாது. ஆனாலும் வாசித்து முடித்ததும், கடைக்குள் உட்கார்ந்திருந்தபடியே, முக்காடு நனைந்துவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தார். வாசிப்பு என்றால் அவருக்கு அதுதான். எழுத்து கையை நீட்டி ஆளைத் தொட வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனையோ வகுப்புகள் வந்து போயின. ஒரு பிள்ளையாவது தன் தலையைத் தொட்டுப் பார்த்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

பாடப்புத்தகத்துக் கவிதைகள் இந்தப் பிள்ளைகளுக்குத் தூரம் என்று அவருக்குப் பட்டது. வெள்ளைப் பனி கொட்டுகிறது, கடலில் கப்பல் போகிறது. இந்தத் தோட்டத்தின் மேல் டிவிசன் பிள்ளைகளில் கடலைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குத் தெரிந்தது மூடுபனி. பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்கள் கீழே. மத்தியானத்துக்கு மேல் பனி ஏறிவிட்டால் லயம் மறைந்துபோகும், சத்தம் மட்டும் மறையாது. கீழே ஒருத்தி சட்டி கழுவினால் பக்கத்தில் நின்று கழுவுவதுபோலக் கேட்கும். மேலே போடுகிற சத்தமும் அப்படித்தானே கீழே கேட்கும் என்பதை டீச்சர் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கவிதை எழுதினார். ஒரு பிள்ளை வாசலில் நின்று மூடுபனியை வீட்டுக்குள் கூப்பிடுகிறது. உள்ளே வா, உள்ளே வா, வெளியே குளிர், இங்கே அடுப்பு எரிகிறது, என் பக்கத்தில் உட்கார், நீ வந்ததும் நான் கதவைச் சாத்திவிடுகிறேன். அவ்வளவுதான். ஒவ்வொரு வரியும் ‘கம் இன், கம் இன்’ என்றுதான் தொடங்கும். “மே ஐ கம் இன் டீச்சர்?” என்று தினமும் வாசலில் நின்று கேட்கிற பிள்ளைகளுக்குச் சொந்தமாகத் தெரிந்த ஒரே ஆங்கிலம் அது. அதிலிருந்து தொடங்கினால் பொருள் புரியும் என்று நினைத்தார்.

நினைத்தது சரிதான். பலகையில் எழுதியதுமே பிள்ளைகள் சிரித்தார்கள். “பனிய கூப்பிடுறாங்கடா!” என்று ஒருத்தன் சொன்னான். அதைக் கேட்ட டீச்சருக்கு வயிறு நிறைந்துவிட்டது.

சன்னலோரக் கடைசி மேசையில் கிருஷாந்தி இருந்தாள். கீழ் லயத்துப் பிள்ளை. எழுத்து அவளுக்கு எறும்பு. பார்த்தால் ஊர்ந்துபோகும், விரலை வைத்தால் கலைந்துபோகும். மற்றவர்கள் கூட்டமாக வாசிக்கும்போது வாயை மட்டும் அசைப்பாள். தனியாக எழுப்பினால் நின்றபடியே வேர்த்துப்போவாள். டீச்சர் அவளை எழுப்புவதை விட்டு நாளாகிவிட்டது.

ஆங்கிலத்தில் வரிக்குள்ளேயே ஓர் அடி இருக்கிறது, அழுத்துகிற இடம், விடுகிற இடம் என்று காட்டுவதற்காக டீச்சர் பேனாவால் மேசையில் தட்டினார். பிள்ளைகளையும் தட்டச் சொன்னார். தகரத்தில் மழை விழுந்ததுபோல ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் தனியே பிரிந்து வந்தது. மெதுவாக ரெண்டு. ஒரு இடைவெளி. பிறகு அடுக்கி மூன்று. மறுபடி இடைவெளி. கிருஷாந்தியின் மேசையிலிருந்து வந்தது. ஒரு கை விரலாலும் மறு கை உள்ளங்கையாலும் அவள் அடித்துக்கொண்டிருந்தாள். அடித்தபடியே பலகையைப் பார்த்து வாசித்தாள்.

“கம் இன், கம் இன்…”

மற்ற சத்தமெல்லாம் ஓய்ந்துவிட்டது. அவள் வரி வரியாகப் போனாள். இடைவெளியில் மூச்சு வாங்கினாள், அடி விழும்போது சொல்லைப் போட்டாள். எறும்புகள் வரிசையில் நின்றுவிட்டன. கடைசி வரியில் கதவைச் சாத்தினாள்.

டீச்சருக்குக் கண் கலங்கியது. “வெரி குட்! எல்லாரும் அதேமாதிரி அடிங்க, அதேமாதிரி வாசிங்க!” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விஜிதரன் எழுந்து நின்றான்.

“டீச்சர், இந்த அடி வந்து…”

“இங்கிலீஷ்!” என்றார் டீச்சர். ஆங்கிலப் பாடவேளையில் தமிழ் பேசக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பாடத்தின் பொருளைக் கேட்கும்போது மட்டும் அவரே அதை மீறுவார், பிள்ளைகளை மீற விடமாட்டார்.

“டீச்சர்… திஸ்… நோ குட் டீச்சர்.”

“வை?”

அவன் முழித்தான். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்து நின்றது. அதற்குரிய ஆங்கிலம் அவனிடம் இல்லை. காதைச் சொறிந்தான், கிருஷாந்தியைப் பார்த்தான், பிறகு சிரித்து மழுப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். டீச்சரும் சிரித்துவிட்டார். அதன்பிறகு வகுப்பு முழுவதும் அடித்தது. ஏழாம் ஆண்டின் எல்லா மேசைகளும் ஒரே நெஞ்சாகித் துடித்தன. கம் இன், கம் இன். சன்னலுக்கு வெளியே பனி ஏறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்ததும் வாசித்துக்கொண்டிருந்த வரியைப் பாதியில் போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

நடந்தது என்னவென்று மறுநாள் காலையில் அம்மாக்கண்ணு வந்து சொன்ன பிறகுதான் டீச்சருக்குத் தெரிந்தது. அம்மாக்கண்ணு கீழ் லயத்துக்காரி. வேலைக்குப் போகிற கோலத்தில், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியபடியே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க படிச்சவங்க. யாரு செத்தான்னு மட்டும் சொல்லிட்டு அப்பறமா அடிக்கச் சொல்லுங்க.”

“என்னம்மா சொல்றீங்க?”

“நேத்து ஒங்க புள்ளைங்க அடிச்சது சாவு அடிங்க. பொணத்த தூக்கறப்ப தப்புல அடிப்பாங்களே, அது. மலையில கொழுந்து எடுத்துகிட்டிருந்தோம். பனியில ஒன்னும் தெரியல, சத்தம் மட்டும் கேக்குது. அவ்வளவு பேரும் கூடைய எறக்கிட்டோம். கங்காணி கத்துறாரு, எங்கடி போறீங்கன்னு. எழவுக்குங்கிறோம். யாரு எழவுக்குன்னா யாருக்குந் தெரியாது. நா எங்க வீட்டுக்காரருன்னே முடிவு பண்ணிட்டேன். அழுதுகிட்டே ஓடியாந்து பாத்தா மனுசன் வாசல்ல குந்திகிட்டு பீடி குடிக்கிறாரு. வந்த ஆத்தரத்துல நானே கொன்னுருப்பேன்!”

பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட அதிபர் யோகேஸ்வரன் சிரித்தார். டீச்சரும் சிரிக்கப் பார்த்தார். அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை.

“எல்லா காம்பராவுலயும் போயி பாத்தோங்க. எல்லாரும் உசுரோடதான் இருக்காங்க. அதுதாங்க பயமா இருக்கு.”

தோட்டத்தில் சாவு அடி கேட்டால் வேலை நிற்கும், எல்லோரும் இறங்கி வருவார்கள், பிணத்தின் முகத்தைப் பார்ப்பார்கள், அழுது முடித்து அடுத்த நாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போவார்கள். அன்று எல்லோரும் இறங்கி வந்தார்கள். பார்க்க முகம் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தன் வீட்டு முகங்களைப் பார்த்தார்கள்.

கிருஷாந்தியின் அம்மா நாகலெட்சுமிக்குப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மலையில் குளவி கொட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீக்கம் வற்றி வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டர் சாப்பிட்டுத் தேறச் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று அடி கேட்டதும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, “யாருக்கு?” என்று கேட்டாளாம். யாருக்கும் இல்லை என்றார்கள். “அப்ப எனக்குத்தான்” என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்தவள்தான். அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. கஞ்சியும் இறங்கவில்லை, தேத்தண்ணியும் இறங்கவில்லை.

கிருஷாந்தி பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்தினாள்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு டீச்சர் இறங்கிப் போனார். லயத்தின் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. வாசலில் கிருஷாந்தியின் அப்பா மாயாண்டி குந்தியிருந்தார். தோட்டத்துக் கோயிலுக்கும் சாவுக்கும் தப்பு அடிக்கிறவர் அவர்தான். பிள்ளையின் விரலுக்கு அந்த அடி எங்கிருந்து வந்தது என்று டீச்சருக்கு அப்போது விளங்கியது. பிறந்ததிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டு வளர்ந்த அடி.

உள்ளே இருட்டு. நாகலெட்சுமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாறி மாறி இரண்டு ஆஸ்பத்திரி பார்த்தாகிவிட்டது, சேலைன் ஏற்றி அனுப்புகிறார்கள், வந்ததும் மறுபடி அப்படியே கிடக்கிறாள் என்று மாயாண்டி சொன்னார். இனியும் சாப்பிடாமல் கிடந்தால் தாங்கமாட்டாள்.

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். “தங்கச்சி, அது வெறும் பாட்டும்மா. புள்ளைங்களுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்க நான் எழுதினது.”

நாகலெட்சுமி திரும்பினாள். கன்னமெல்லாம் உள்ளே போய்க் கண் மட்டும் பெரிதாக இருந்தது.

“நீங்க எழுதுனதா? அப்ப நீங்கதான் கூப்பிட்டீங்களா டீச்சர்?”

“என்னது?”

“கம் இன், கம் இன்னாங்களே புள்ளைங்க. கல்யாணத்துக்கு முந்தி கொழும்புல வீட்டு வேலைக்கு இருந்தேன். கதவ தட்டுனா அங்க வீட்டுக்கார நோனா அப்புடித்தான் சொல்லுவாங்க. எனக்கு அது தெரியும். யார கூப்பிட்டீங்க?”

“மூடுபனியைத்தாம்மா.”

“அது தனியாவா டீச்சர் வரும்?” என்றாள்.

ஒரு கவிதை ஓர் ஆளுக்குள் போய் ஆளைத் தொட வேண்டும் என்று ஆசைப்பட்டது டீச்சர்தான். வகுப்பில் ஒரு பிள்ளையும் வாசிக்காததை இந்தப் பெண் படுத்த படுக்கையில் வாசித்திருக்கிறாள். ஒரு சொல் விடாமல் வாசித்திருக்கிறாள். கவிதை கையை நீட்டித் தொட்டும்விட்டது. யாருடைய கை அது என்றுதான் தெரியவில்லை.

வெளியே வந்ததும் மாயாண்டி மெதுவாகச் சொன்னார். “டீச்சர், சாவு அடிய சாவு வீட்டு வாசல்ல தொடங்குவோம். முச்சந்தியில அடி மாறும். சுடுகாட்டுல நிக்கும். அங்க நின்னாத்தான் வந்தது போகும். ஒங்க புள்ளைங்க மணியடிச்சதும் பாதியில போட்டுட்டு ஓடிட்டாங்க. இப்ப அது எந்த எடத்துல நிக்கிதுன்னு யாருக்குத் தெரியும்?”

“நீங்களே முடிச்சு வச்சிருங்களேன்.”

“எப்புடிங்க? நாகு உள்ள உசுரோட கெடக்கா. புருசன் கையால அடிச்சா அவளுக்கே அடிச்சதா ஆயிரும். தொடங்குனவங்கதான் முடிக்கணும்.” சுடுகாட்டுப் பக்கம் கையைக் காட்டினார்: “அதே புள்ளைங்க. அதே மேசை. அங்க கொண்டுபோயி விட்டுறணும்.”

தன் மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடமில்லை என்று டீச்சருக்குத் தெரியும். வீட்டில் தம்பி ராசிக்கிடம் சொன்னால் பள்ளிக்கூடத்தை மாற்றிக் கேட்கச் சொல்வான். ஆனால் ஒருத்தி தன் பாட்டைக் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிடக்கிறாள். அதற்கு எந்த மார்க்கத்தில் இடம் இருக்கிறது?

அதிபர்தான் குறுக்கே நின்றார்.

“மேசையா? அது அரசாங்கச் சொத்து டீச்சர். சுடுகாட்டுக்கு மேசை குடுத்தேன்னு மேல எழுதவா?”

“காலு ஒடஞ்சுபோச்சுன்னு எழுதுங்க சேர்.”

“ஒடயலையே.”

“நான் ஒடச்சுத் தரவா?”

யோகேஸ்வரன் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். “புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போங்க. பெற்றோர் யாராவது கேட்டா எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போய்விட்டார். பெற்றோர் யாரும் கேட்கவில்லை. அவர்கள்தான் செருப்பில்லாமல் வழியில் நின்று பாதையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் பள்ளி விட்ட பிறகு ஏழாம் ஆண்டு மேசையைத் தூக்கியது. கிருஷாந்தியின் மேசை. நாலு மூலைக்கு நாலு பையன்கள், விஜிதரன் முன்னால். மற்றவர்கள் இரண்டு பக்கமும் நடந்தபடியே மேசையின் பலகையில் அடித்தார்கள். கிருஷாந்தியை அவளுடைய அப்பா கூட்டி வந்து விட்டார். முதல் அடியை அவள்தான் அடிக்க வேண்டியிருந்தது. மெதுவாக ரெண்டு, இடைவெளி, அடுக்கி மூன்று. அவள் அழவில்லை. உதட்டை இறுக்கி வைத்திருந்தாள். வாசிக்க வேண்டாம், அடி மட்டும் போதும் என்று மாயாண்டி சொல்லியிருந்தார். ஆகவே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பனி பாதைக்கு இறங்கிவிட்டிருந்தது. முன்னால் போகிற பையன்களின் தலைகள் தெரிந்தன, கால்கள் தெரியவில்லை. மேசை தானாகக் காற்றில் போவதுபோல இருந்தது. இரண்டு பக்கத்துத் தேயிலைக்குள்ளும் பெண்கள் கொழுந்துக்கூடையோடு நின்றார்கள். யாருடைய சாவு என்று இந்தமுறை ஒருவரும் கேட்கவில்லை.

முச்சந்தியில் மேசையை இறக்கி ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பினார்கள். அங்கே அடி மாறியது. மாயாண்டி கையால் காற்றில் காட்டிக்கொடுக்க, பிள்ளைகள் வேகமாக அடித்தார்கள். அதற்குமேல் பெண்கள் போவதில்லை. பையன்கள் மாயாண்டியோடு மயானப் பக்கம் இறங்கினார்கள். பெண்பிள்ளைகளும் அம்மாக்கண்ணுவும் டீச்சரும் லயத்தை நோக்கித் திரும்பினார்கள்.

“திரும்பிப் பாக்காம வாங்க. யாரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் பாக்கக் கூடாது” என்றாள் அம்மாக்கண்ணு. “டீச்சர், ஒங்களுக்குந்தான்.”

டீச்சர் கடைசியாக நடந்தார். பின்னால் மேசையின் சத்தம் இறங்கி இறங்கிப் போயிற்று. ஓர் இடத்தில் நின்றது. முடிந்துவிட்டது என்று அவர் மூச்சை விட்டார்.

அப்போது பின்னால் ஒரு பிள்ளை வாசித்தது.

தூரத்தில்தான். சின்னக் குரல். பெண்பிள்ளையின் குரல்போல இருந்தது. பலகையில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டுவதுபோல நிறுத்தி நிறுத்தி வந்தது. கம் இன். கம் இன். வெளியே குளிர். அடி இல்லை, சொல் மட்டும் வந்தது. டீச்சர் முன்னால் போகிற பெண்பிள்ளைகளைப் பார்த்தார். எல்லோரும் முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கிருஷாந்தியின் இரட்டைப் பின்னல் அம்மாக்கண்ணுவின் பக்கத்தில் ஆடியது. பையன்கள் போன திசை வேறு.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அடியைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். சொல்லை ஒருவரும் கொண்டுபோகவில்லை.

குரல் நெருங்கியது. அது மனப்பாடம் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் தொட்டு, அதன் பொருளைத் தொட்டு, வியந்து, அடுத்த சொல்லுக்குப் போகிற குரல். எந்த வகுப்பிலாவது ஒருநாள் கேட்டுவிட மாட்டோமா என்று அவர் ஏங்கிய வாசிப்பு. ஒரு பிள்ளை அப்படி வாசித்தால் எந்த ஆசிரியை திரும்பிப் பார்க்காமல் போவாள்? கழுத்து தானாகத் திரும்பப் போனது. முக்காட்டின் இரண்டு நுனியையும் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு, தெரிந்ததை ஓதிக்கொண்டு நடந்தார்.

கடைசிக் காம்பராவின் வாசலில் நாகலெட்சுமி எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படுத்தவள் எழுந்ததைப் பார்த்த அம்மாக்கண்ணு “ஆத்தா!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நாகலெட்சுமி ஒருவரையும் பார்க்கவில்லை. டீச்சரின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

“ஏன் டீச்சர், அந்தப் புள்ளைய மட்டும் பின்னால விட்டுட்டு வாறீங்க?”

“அது நம்ம புள்ள இல்லம்மா” என்றார் டீச்சர். “உள்ள போங்க. கதவச் சாத்தணும்.”

நாகலெட்சுமி இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மற்றப் பிள்ளைகள் அம்மாக்கண்ணுவின் காம்பராவுக்குள் அடைந்துகொண்டார்கள். டீச்சர் கிருஷாந்தியை இழுத்துக்கொண்டு நாகலெட்சுமிக்குப் பின்னால் நுழைந்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நாகலெட்சுமி அடுப்பு ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சட்டியைப் பார்த்தாள்.

“கிருஷா, அது கஞ்சியா?”

கிருஷாந்தி கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். நாகலெட்சுமி வாயில் வைத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. டீச்சர் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு வாய் போனது.

வெளியே குரல் வாசலுக்கு வந்துவிட்டது. பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு பிள்ளையின் உயரத்தில் நின்று, தொடக்கத்திலிருந்து வாசித்தது.

“கம்…” என்றது. நின்றது.

மறுபடியும், “கம்…” என்றது. அடுத்த சொல் வரவில்லை.

வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி ஒரு சொல்லில் முட்டி நின்றால் டீச்சர் எடுத்துக் கொடுப்பார். எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான். யோசித்துச் செய்வதில்லை, நாக்கு தானாகச் செய்துவிடும். இப்போதும் அவர் நாக்கின் நுனியில் அந்தச் சின்னச் சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. பல்லைக் கடித்தார். உள்ளேயிருந்து யாராவது அதைச் சொல்லிவிட்டால் வரி முடிந்துவிடும். வரி முடிந்தால் உள்ளே கூப்பிட்டதாகிவிடும், பிறகு கதவு எதற்கு?

“டீச்சர்?” என்றது வெளியே. மெதுவாக, வெட்கப்பட்டு, தெரியாத பிள்ளை கேட்பதுபோலக் கேட்டது. பிறகு மறுபடி, “கம்…”

பக்கத்தில் கிருஷாந்தியின் முகம் மாறியது. பயம் போய் ஒரு வெளிச்சம் வந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக, இன்னொரு பிள்ளை முட்டி நிற்கிற இடத்தில் அவளுக்குச் சொல் தெரிந்திருந்தது. கை தூக்குவதுபோல லேசாக நிமிர்ந்தாள். உதடு திறந்தது.

டீச்சர் அவள் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.

எத்தனை பாடுபட்டுத் திறந்த வாய் அது. விரல்களுக்கடியில் அந்தச் சொல் முட்டுவதை அவரால் உணர முடிந்தது. இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிள்ளையின் கண்ணீர் சூடாகக் கையில் இறங்கியது. வெளியே நகத்தால் பலகையை வருடுகிற மாதிரி ஒரு சத்தம், வாசிக்கிற பிள்ளை வரியில் விரலை நகர்த்தித் தேடுகிற சத்தம். “கம்…” இந்தமுறை தூரத்தில் கேட்டது. பாதைப் பக்கம். அதற்கப்புறம் இன்னும் தூரத்தில். பிறகு அது அதன் குரலா, கூரைத் தகரத்தில் பனி சொட்டுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நாகலெட்சுமி கோப்பையின் அடியை விரலால் வழித்து நக்கினாள்.

“பாவம், அந்தப் புள்ளைக்கு யாரும் சொல்லிக் குடுக்கல” என்றாள். கோப்பையை மகளின் பக்கம் நீட்டினாள். “இன்னுங் கொஞ்சம் ஊத்து.”

டீச்சர் கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் அவரே கரண்டியை எடுத்து ஊற்றினார்.